கோல்ஃப் வண்டிக்கு எல்.இ.டி. முகப்பு விளக்கு: தேர்வும் ஒளிக் குறைப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகல் வெளிச்சத்தில் புல்வெளியில் ஓடுவதற்கென்று வடிவமைக்கப்பட்ட கோல்ஃப் வண்டி, இன்று விடுதிகளிலும் கல்வி வளாகங்களிலும் பெரிய குடியிருப்புகளிலும் இருட்டிய பிறகும் ஓடுகிறது. அதற்கு எல்.இ.டி. விளக்கு மாட்டுவோர் முதலில் எந்த விளக்கை வாங்குவது என்று கேட்கிறார்கள். மாட்டிய மறுவாரமே, கண் கூசுகிறது, எப்படிக் குறைப்பது என்று கேட்கிறார்கள். முதல் கேள்விக்குச் சரியான விடை கிடைத்திருந்தால் இரண்டாவது கேள்வி பெரும்பாலும் எழுந்திருக்காது என்பதால், இரண்டையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

என் வண்டிக்கு எத்தனை வோல்ட் விளக்கு வாங்க வேண்டும்?

முதலில் வண்டியின் வோல்ட்டைக் கண்டுபிடியுங்கள். பெட்ரோல் வண்டி என்றால் 12 வோல்ட். மேலே யோசிக்க வேண்டியதில்லை. பேட்டரியில் ஓடும் வண்டிகள் பெரும்பாலும் 36 அல்லது 48 வோல்ட், சில 72 வோல்ட். தண்ணீர் ஊற்றும் வகை ஈய-அமில பேட்டரியாக இருந்தால் இருக்கையைத் தூக்கி மூடிகளை எண்ணினாலே போதும்: ஒரு மூடிக்குக் கீழே ஒரு செல், ஒரு செல்லுக்கு 2 வோல்ட். மூன்று மூடியுள்ள பேட்டரி 6 வோல்ட், நான்கு மூடியுள்ளது 8 வோல்ட், ஆறு மூடியுள்ளது 12 வோல்ட். ஆறு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருந்தால் 36 வோல்ட் வண்டி. ஆறு 8 வோல்ட் பேட்டரிகளோ நான்கு 12 வோல்ட் பேட்டரிகளோ இருந்தால் 48 வோல்ட் வண்டி.

அடுத்து, பெயரளவு வோல்ட்டை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். 48 வோல்ட் ஈய-அமிலத் தொகுப்பு சார்ஜ் ஏறும் கடைசிக் கட்டத்தில் 59 வோல்ட்டுக்கும், சில சார்ஜர்களில் அதற்கு மேலும் போகும். 16 செல் கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் தொகுப்பு 58.4 வோல்ட் வரை போகும். 72 வோல்ட் வண்டியில் இது 88 வோல்ட்டை நெருங்கும். ஆகவே '10 முதல் 30 வோல்ட் வரை' என்று அச்சிட்ட விளக்கை 48 வோல்ட் வண்டியில் நேரடியாக இணைத்தால் அது எரிந்து போகும். '12 முதல் 80 வோல்ட் வரை' என்று அச்சிட்டது 36, 48 வோல்ட் வண்டிகளுக்குப் பொருந்தும். 72 வோல்ட் வண்டிக்கு, பெயரளவில் பொருந்துவது போலத் தோன்றினாலும், பொருந்தாது.

தொகுப்பிலிருந்து இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளை மட்டும் பிடித்து 12 வோல்ட் எடுத்துக்கொள்ளலாமா?

விளக்கு எரியும், பேட்டரி கெடும். விளக்குக்கு மின்சாரம் தரும் அந்த இரண்டு பேட்டரிகள் மற்றவற்றைவிட அதிகமாக இறங்குகின்றன. சார்ஜரோ முழுத் தொடரையும் ஒன்றாகவே பார்க்கிறது. மொத்த வோல்ட் ஏறிவிட்டதென்று அது நிறுத்தும் நேரத்தில், இறங்கிய இரண்டும் முழுமையாக நிரம்பியிருக்காது, மற்றவை தேவைக்கு மேல் கொதித்திருக்கும். நாளடைவில் அந்த இரண்டின் தகடுகளில் சல்ஃபேட் கெட்டிப்பட்டுப் படிந்து, தொடர் முழுவதையும் கீழே இழுத்துவிடும். வண்டி முன்போல் தூரம் ஓடவில்லை என்று புகார் வரும்போது யாரும் விளக்கைச் சந்தேகிப்பதில்லை. லித்தியம் தொகுப்பில் இப்படி நடுவிலிருந்து எடுப்பதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

சரியான வழிகள் இரண்டே. ஒன்று, முழுத் தொகுப்பின் வோல்ட்டையும் தாங்கும் அகன்ற வரம்புள்ள விளக்கு. மற்றொன்று, முழுத் தொகுப்பிலிருந்து உள்ளீடு எடுத்து 12 வோல்ட் தரும் டி.சி.-டி.சி. கன்வெர்ட்டர். ஒளியைக் குறைக்கும் எண்ணம் சிறிதேனும் இருந்தால் இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

எந்தக் கன்வெர்ட்டர் போதும்?

18 வாட் விளக்குகள் இரண்டு 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் எடுக்கும். பின்விளக்கு, திருப்ப விளக்கு, ஹாரன் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்து 10 ஆம்பியர் கன்வெர்ட்டரை வாங்கினால் அது சூடேறாமல் இருக்கும். உள்ளீட்டு வரம்பு உங்கள் தொகுப்பின் உச்ச சார்ஜ் வோல்ட்டைத் தாண்டியிருக்க வேண்டும். சாவியோடு சேர்ந்து அணையும்படி, கட்டுப்பாட்டு வயர் உள்ள வகையைத் தேடுங்கள். எப்போதும் இணைப்பில் இருக்கும் கன்வெர்ட்டர் விளக்கே எரியாதபோதும் சிறிது மின்சாரம் குடிக்கும். அது வெறும் 30 மில்லி ஆம்பியர் என்றாலும் ஒரு மாதத்தில் ஏறத்தாழ 22 ஆம்பியர்-மணி ஆகிவிடும். நீண்ட நாள் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு இது சிறிய இழப்பல்ல.

எத்தனை லூமென் தேவை?

லூமென் என்பது விளக்கு வெளியிடும் மொத்த ஒளியின் அளவு. வண்டி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதே இதைத் தீர்மானிக்கும். மணிக்கு 24 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 6.7 மீட்டர். தடையைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி என்று வைத்தால் 10 மீட்டர். மிதமான பிரேக்கில் நிற்க இன்னும் ஏழெட்டு மீட்டர். ஆக, 18 மீட்டருக்குள் வண்டி நின்றுவிடும். 30 மீட்டர் தெளிவாகத் தெரிந்தால் அந்த வேகத்திற்கு அது தாராளம். மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அதே கணக்கில் 37 மீட்டர் வரும். அதற்கு 60 மீட்டர் தெரிய வேண்டும் என்பேன்.

ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை லக்ஸிலும், விளக்கு ஒரு திசையில் வீசும் ஒளியின் செறிவைக் கேண்டெலாவிலும் அளப்பார்கள். 30 மீட்டர் தொலைவில் 3 லக்ஸ் வெளிச்சம் விழ 2,700 கேண்டெலா போதும். தொலைவின் வர்க்கத்தை லக்ஸால் பெருக்கினால் வரும் எண் அது. முழுநிலவு தருவது ஏறத்தாழ கால் லக்ஸ்தான் என்பதோடு ஒப்பிட்டால் 3 லக்ஸ் குறைவில்லை என்பது புரியும். நல்ல லென்ஸ் உள்ள 800 முதல் 1,200 லூமென் விளக்குகள் இரண்டு இருந்தால் இதை எளிதில் எட்டலாம். காரின் எச்4 ஹாலஜன் பல்பே தாழ்ஒளியில் 1,000 லூமென் அளவுதான் தருகிறது. அதில் மக்கள் நெடுஞ்சாலையில் ஓட்டியிருக்கிறார்கள்.

பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பும் முன் அதை வாட்டால் வகுத்துப் பாருங்கள். வண்டி விளக்குகளில் ஒரு வாட்டுக்கு 100 முதல் 150 லூமென் வந்தால் அது நல்ல விளைவு. '18 வாட், 6,000 லூமென்' என்றால் ஒரு வாட்டுக்கு 333 லூமென். இது விளம்பரத்தில் மட்டுமே எரியும் விளக்கு.

நீண்ட லைட் பாரைக் கூரை மேல் மாட்டலாமா?

மாட்டுவோர் பலர், நான் பரிந்துரைப்பதில்லை. கூரையிலிருந்து விழும் ஒளி வண்டியின் முன்மூக்கில் பட்டு ஓட்டுபவரின் கண்ணுக்கே திரும்புகிறது. கீறல் விழுந்த அக்ரிலிக் முன்கண்ணாடி இருந்தால் அது முழுவதும் வெள்ளைத் திரையாகிவிடும். அருகில் கிடக்கும் தரை பளிச்சென்று தெரிவதால் கண்ணின் பாவை சுருங்கி, தொலைவு முன்பைவிட இருட்டாகத் தோன்றும். முகப்பு விளக்கு இடுப்புக்குக் கீழே, முன்பக்க உடலில் இருக்க வேண்டியது. மேற்பக்கம் தெளிவான வெட்டுக்கோடு உள்ள ஒளிக்கற்றையாக இருந்தால் இன்னும் நல்லது.

பழைய ஹாலஜன் கூட்டிலேயே எல்.இ.டி. பல்பைப் போட்டால்?

அந்தப் பிரதிபலிப்பான், கம்பிச்சுருள் சரியாக எங்கே இருக்கும் என்பதைக் கணக்கிட்டு வளைக்கப்பட்டது. எல்.இ.டி. பல்பில் ஒளி பிறக்கும் இடமும் திசையும் வேறு. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் கற்றை சிதறும். லூமென் கூடியும் பாதை தெரியவில்லை, எதிரே வருபவருக்குக் கண் கூசுகிறது என்ற இரட்டைப் புகார் இப்படித்தான் பிறக்கிறது. முழு விளக்கையே மாற்றுவது நல்லது.

எத்தனை கெல்வின்?

ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு இது: 4,000 முதல் 5,000 வரை. 6,000க்கு மேல் நீலம் கூடும். அது கண்ணை அதிகம் உறுத்தும், பூச்சிகளையும் கூட்டும். மஞ்சள் ஒளி மூடுபனியைத் துளைத்துச் செல்லும் என்ற நம்பிக்கை பழையது. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை என்பதால் எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் சிதறடிக்கின்றன. மஞ்சள் ஒளியில் கூச்சம் குறைவு என்பது மட்டும் உண்மை.

விளக்கு மாட்டிவிட்டேன், எதிரே வருவோர் திட்டுகிறார்கள். எப்படி மங்கச் செய்வது?

மங்கச் செய்வதற்கு முன் குனிய வையுங்கள். நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் விளக்கு மிகைப் பிரகாசமாக இருந்ததில்லை; நிமிர்ந்து இருந்தது. சமதளத்தில், சுவருக்கு 7.5 மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்துங்கள். வழக்கமாக எத்தனை பேர் உட்காருவார்களோ அத்தனை பேரையும் உட்கார வையுங்கள். பின்னோக்கிய இருக்கையில் இருவர் ஏறினாலே வண்டியின் மூக்கு நிமிர்ந்துவிடும். தரையிலிருந்து விளக்கின் நடுப்புள்ளி உள்ள உயரத்தை அளந்து சுவரில் ஒரு கோடு இடுங்கள். ஒளிக்கற்றையின் மேல்விளிம்பு அந்தக் கோட்டிலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே விழும்படி திருகுங்கள். இது 2 விழுக்காட்டுச் சரிவு. விளக்கு 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் கற்றையின் மேல்விளிம்பு 35 மீட்டரில் தரையைத் தொடும். மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்திற்கு இது சரியாகப் பொருந்துகிறது. வேகமான வண்டிக்கு 1 விழுக்காடு, அதாவது ஏழரை சென்டிமீட்டர் போதும்.

இதற்குப் பிறகும் கூசினால்தான் கீழே உள்ளவற்றைப் படியுங்கள்.

ஒரு ரெசிஸ்டரைத் தொடரில் போட்டால் ஒளி குறையாதா?

ஹாலஜனில் குறையும். கடையில் கிடைக்கும் பெரும்பாலான எல்.இ.டி. முகப்பு விளக்குகளில் குறையாது, காரணம் சுவையானது. விளக்கின் உள்ளே டிரைவர் என்ற சிறு மின்சுற்று இருக்கிறது. வெளியே 12 வோல்ட் வந்தாலும் 48 வோல்ட் வந்தாலும் எல்.இ.டி.க்குள் ஒரே அளவு ஆம்பியரைச் செலுத்துவதே அதன் வேலை. வோல்ட்டைக் குறைத்தால் அது கூடுதல் ஆம்பியர் இழுத்து ஈடுகட்டிவிடும்.

எண்களில் பார்ப்போம். 18 வாட் விளக்கு 48 வோல்ட்டில் 0.38 ஆம்பியர் எடுக்கிறது. 10 ஓம் ரெசிஸ்டரை இடையில் போட்டால் நான்கு வோல்ட் விழும்; டிரைவர் 0.41 ஆம்பியர் இழுத்துக்கொள்ளும். ஒளியில் மாற்றமே இராது. ரெசிஸ்டரைக் கூட்டிக்கொண்டே போனால் 32 ஓம் வரை இதே கதைதான், அந்த இடத்தில் ரெசிஸ்டரும் 18 வாட் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். 32 ஓமைத் தாண்டினால் அந்தச் சுற்று 18 வாட்டைத் தரவே முடியாது. டிரைவர் சரிந்து, மீண்டும் எழுந்து, மீண்டும் சரியும். ஆகவே ரெசிஸ்டர் வழியில் உங்களுக்குக் கிடைப்பது முழு ஒளி, அல்லது மினுக்கல், நடுவில் ஒன்றுமில்லை. என் முதல் முயற்சியில் ஒரு பெரிய கம்பிச் சுற்று ரெசிஸ்டரைப் போட்டு, பிளாஸ்டிக் மூடியை உருக்கிய பிறகே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

என் விளக்கில் டிரைவர் இருக்கிறதா என்பதை எப்படி அறிவது?

வோல்ட்டை மாற்றக்கூடிய பவர் சப்ளையில் இணைத்து, விளக்கின் வரம்புக்குள் வோல்ட்டை மெல்ல இறக்குங்கள். வோல்ட் இறங்க ஆம்பியர் ஏறினால் டிரைவர் இருக்கிறது. ஆம்பியரும் ஒளியும் சேர்ந்து இறங்கினால் உள்ளே வெறும் ரெசிஸ்டர். இந்த வகையை மங்கச் செய்வது எளிது. அகன்ற வரம்பு அச்சிட்ட எல்லா விளக்குகளும் முதல் வகை.

அப்படியானால் பி.டபிள்யூ.எம். டிம்மர்?

இது மின்சாரத்தை மிக வேகமாக இணைத்தும் துண்டித்தும், எரியும் நேரத்தின் பங்கைக் குறைத்து ஒளியைக் குறைக்கும் கருவி. ரெசிஸ்டர் வகை விளக்குக்கு 12 வோல்ட் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இதை இணைத்தால் அழகாக வேலை செய்யும். கன்வெர்ட்டர் வழியே செல்லுங்கள் என்று முன்பு சொன்னது இதற்காகத்தான்: சந்தையில் கிடைக்கும் சிறு டிம்மர்களில் பல 12, 24 வோல்ட்டுக்கே ஆனவை.

டிரைவர் உள்ள விளக்கின் மின்வழியில் இதை வைப்பது சூதாட்டம். டிரைவரின் நுழைவாயிலில் உள்ள கெப்பாசிட்டர் ஒவ்வொரு துடிப்புக்கும் நிரம்பி வடிந்து சூடேறும். டிரைவர் விழித்தெழுவதற்கு முன்பே துடிப்பு முடிந்துவிடும். சில விளக்குகள் பணிந்துவிடுகின்றன, சில மினுக்குகின்றன, சில சில வாரங்களில் செத்துவிடுகின்றன. சரியான இடம் டிரைவரின் உள்ளே இருக்கிறது: ஒளிக் குறைப்புக்கென்று மூன்றாவது வயர் வெளியே வரும் விளக்கை வாங்குங்கள். அந்த வயரில் செல்லும் சிறு சமிக்ஞையைப் பார்த்து டிரைவரே எல்.இ.டி.யின் ஆம்பியரைக் குறைக்கும். எந்தச் சமிக்ஞை, எத்தனை வோல்ட் என்பது விளக்குக்கு விளக்கு மாறும் என்பதால் அதன் தாளைப் படிக்காமல் எதையும் அந்த வயரில் தொடாதீர்கள்.

டிம்மரின் அதிர்வெண் முக்கியமா?

நிற்கும் அறை விளக்கைவிட ஓடும் வண்டியில் மிக முக்கியம். நொடிக்கு நூறு, இருநூறு முறை துடிக்கும் ஒளி நேராகப் பார்த்தால் நிலையாகத் தெரியும். ஆனால் கண்ணைத் திருப்பும் கணத்தில், பளபளக்கும் ஒவ்வொரு பொருளும் புள்ளிப் புள்ளியாகச் சிதறித் தோன்றும். மின், மின்னணுப் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐ.இ.இ.இ. 2015இல் வெளியிட்ட 1789 என்ற எண்ணுள்ள பரிந்துரையின்படி, முழுவதும் எரிந்து முழுவதும் அணையும் ஒளிக்கு 1,250 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 1,250 துடிப்புக்கு) மேல் இடர் குறைவு, 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல் விளைவே இல்லை. அதிர்வெண்ணை அச்சிடாத டிம்மரைத் தவிர்ப்பதே நல்லது.

பாதியாகக் குறைத்தேன், வித்தியாசமே தெரியவில்லை. டிம்மர் பழுதா?

பழுதில்லை, கண் அப்படிப்பட்டது. ஒளியைப் பாதியாக்கினால் கண்ணுக்கு முக்கால் பங்கு போலத் தோன்றும். 'பாதி' என்று தோன்ற வேண்டுமானால் 18 விழுக்காடு வரை இறக்க வேண்டும். திருகியின் முதல் பாதிச் சுற்றில் ஒன்றும் நடக்காதது போலிருப்பதும், கடைசியில் திடீரென இருண்டுபோவதும் இதனால்தான். பார்வையாளர்களும் நடப்போரும் அதிகமுள்ள இடத்திற்கு 25 விழுக்காடு, வெறும் பாதைக்கு முழு அளவு என்று இரண்டு நிலை வைத்து ஒரு சுவிட்சில் மாற்றிக்கொள்வது, ஓட்டிக்கொண்டே திருகியைத் தடவுவதைவிடப் பாதுகாப்பானது.

டிம்மரை இணைத்தேன், ஒளி குறையாமல் முழுதாகவே எரிகிறது.

பெரும்பாலான டிம்மர்கள் எதிர்முனை (மைனஸ்) வயரைத்தான் துண்டித்து இணைக்கின்றன. விளக்கின் எதிர்முனை அதன் உலோக உடல் வழியாகவோ வண்டியின் உலோகச் சட்டமான சேசிஸ் வழியாகவோ பேட்டரிக்குப் போனால், மின்சாரம் டிம்மரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். விளக்கிலிருந்து வரும் இரண்டு வயர்களையும் நேராக டிம்மருக்கே கொண்டு வாருங்கள். மின்சார கோல்ஃப் வண்டிகளில் பொதுவாக சேசிஸைப் பேட்டரியின் எதிர்முனையாகப் பயன்படுத்துவதில்லை என்பதால், கார் பழக்கத்தில் சேசிஸில் இணைப்பது வேறு வகையிலும் தவறு.

மின்சுற்றைத் தொடாமல் ஒளியைக் குறைக்க வழி உண்டா?

உண்டு. விளக்குக்கென்று விற்கும் மென்னிறப் படலத்தை ஒட்டலாம். சொரசொரப்பான மங்கல் படலம் வேண்டாம். அது ஒளியைக் குறைக்காமல் கற்றையைச் சிதைத்து, கூச்சத்தை எல்லாப் பக்கமும் பரப்பும். இன்னொரு வழி, நான்கு சிறு விளக்குகளை இரண்டு சோடிகளாக மாட்டி, தேவையான சோடியை மட்டும் எரிப்பது. இதில் பழுதாக ஒன்றுமே இல்லை என்பதால் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஃபியூஸ், வயர், சுவிட்ச்?

கார்களில் பயன்படும் தகட்டு ஃபியூஸ்களில் பெரும்பாலானவை 32 வோல்ட் வரைக்கே உரியவை. 48 வோல்ட் நேர்மின்சாரத்தில் அவை உருகினாலும், இடைவெளியில் தீப்பொறி நின்று எரியக்கூடும். தொகுப்பின் பக்கம் போடும் ஃபியூஸ் வண்டியின் உச்ச வோல்ட்டுக்கு மேல் மதிப்பிடப்பட்டதாகவும், நேர்முனைக்கு மிக அருகிலும் இருக்க வேண்டும். சுவிட்சுக்கும் இதே விதி; சுவரில் மாட்டும் 250 வோல்ட் சுவிட்ச் மாறுமின்சாரத்திற்கானது, அந்த எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். 12 வோல்ட் பக்கம் 5 ஆம்பியர் ஃபியூஸும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரும் இரண்டு 18 வாட் விளக்குகளுக்குப் போதும். போக வர 6 மீட்டரில் 0.2 வோல்ட் மட்டுமே இழப்பு.

வேலையைத் தொடங்கும் முன், வண்டியை ஓட்டும் நிலைக்கும் (ரன்) இழுத்துச் செல்லும் நிலைக்கும் (டோ) மாற்றும் ரன்-டோ சுவிட்ச் இருந்தால் டோ நிலைக்கு மாற்றி, தொகுப்பின் முதன்மை வயரைக் கழற்றுங்கள். மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றுங்கள். 48 வோல்ட் உடம்பில் பெரிதாகத் தாக்காது என்பது பெரும்பாலும் சரி. ஆனால் இரு முனைகளுக்கு இடையே விழுந்த ஸ்பேனரில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், ஈய-அமில பேட்டரியின் பக்கத்தில் எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனும் இருக்கும்.

முடுக்கும்போது மட்டும் விளக்கு மினுக்குகிறது.

தளர்ந்த முனை, அல்லது கன்வெர்ட்டரின் உள்ளீட்டைத் தொகுப்பில் எடுக்காமல் மோட்டார் கன்ட்ரோலரின் முனையில் எடுத்தது. முதலில் இந்த இரண்டையும் பாருங்கள். வயதான பேட்டரியில் வோல்ட் அதிகமாகச் சரிவதும் காரணமாகலாம். முடுக்கும்போது கன்வெர்ட்டரின் உள்ளீட்டில் மீட்டரை வைத்தால் தெரிந்துவிடும்.

மழை, கழுவும் தண்ணீர்?

ஐ.பி. என்பது தூசும் நீரும் புகாமல் தாங்கும் தரத்தைச் சொல்லும் எண். ஐ.பி.67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும், ஐ.பி.65 பீய்ச்சும் நீரைத் தாங்கும். விளக்கைவிட இணைப்பு முனையில்தான் தண்ணீர் புகும். முனையைக் கீழ்நோக்கி வையுங்கள்.

பொதுச் சாலையில் ஓட்டுகிறேன். ஏதேனும் மாறுமா?

மாறும். உங்கள் நாட்டு அங்கீகார முத்திரை உள்ள விளக்கை மட்டுமே மாட்ட முடியும், அதில் படலம் ஒட்டுவதும் டிம்மர் சேர்ப்பதும் அந்த அங்கீகாரத்தைக் கெடுக்கக்கூடும். தாழ்ஒளியும் உயர்ஒளியும் தனித்தனியாக உள்ள விளக்கை வாங்குவதே அங்கு ஒளிக் குறைப்பு.

ஒளியைக் குறைத்தால் வண்டி கூடுதல் தூரம் ஓடுமா?

48 வோல்ட், 150 ஆம்பியர்-மணித் தொகுப்பில் 7,200 வாட்-மணி இருக்கிறது. 36 வாட் விளக்குகளை இரண்டு மணி நேரம் முழுதாக எரித்தால் செலவாவது 72 வாட்-மணி, அதாவது நூற்றில் ஒன்று. பேட்டரிக்காக யாரும் ஒளியைக் குறைக்க வேண்டியதில்லை. டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், அதில் இதைவிட அதிகம் மிஞ்சும்.